கவிதையும் கையொப்பமும்

இலக்கியத்தை மதிப்பிடுவது எங்ஙனம் என்னும் வினா புலவர்க்கும் பேராசிரியர்க்குமே உரியது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். காலையில் பேருந்தைப் பிடித்து அலுவலகம் சென்று, மாலையில் காய்கறிப் பையுடன் இல்லம் திரும்பும் நம்மைப் போன்றோர்க்கு அவ்வினாவோடு என்ன உறவு? உறவு உண்டென்பதை நமக்கு உணர்த்தியவள் நம் மகள்.

தலைநகரில் உள்ள கல்லூரி ஒன்றில் அவள் ஆங்கில இலக்கியம் பயில்கிறாள். மேலைநாட்டு இலக்கியக் கோட்பாடும் திறனாய்வும் அவளுக்குத் தனித் தாளாக உள்ளன. ஓரிரவு உணவு முடிந்தபின் அவள் தாள் ஒன்றை நம் முன் வைத்தாள். அதில் ஆங்கிலப் பாட்டு ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. மேலே தலைப்பில்லை, கீழே பெயரில்லை.

"அப்பா, இதைப் படித்துவிட்டு நல்ல பாட்டா, இல்லையா என்று சொல்லுங்கள்" என்றாள்.

"யார் எழுதியதம்மா?" என்று கேட்டோம்.

"அதை மட்டும் சொல்லமாட்டேன். பெயர் தெரியாமல் உங்களால் சொல்ல முடியாதா?"

முடியவில்லை. இருமுறை படித்தோம். சொற்கள் முன்பின்னாக நின்றன. ஓசை எதிர்பாராத இடத்தில் தடுக்கியது. பெரும்புலவர் ஒருவர் எழுதியதென்றால் அதை ஆழம் என்று சொல்லலாம். கல்லூரி மாணவர் எழுதியதென்றால் தெளிவின்மை என்று சொல்லலாம். இரண்டில் எதைச் சொல்வதென்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவள் சிரித்தாள்.

இளங்கலைத் தேர்வில் இலக்கியத் திறனாய்வு என்னும் தாளை எழுதித் தேறியவர்தாம் நாம். அரிஸ்டாட்டில் தொடங்கி எலியட் ஈறாக, எவர் எந்த நூலில் எதைச் சொன்னார் என்பதைக் கைடு நூல்களின் துணையால் மனப்பாடம் செய்து ஒப்புவித்தோம். ஆயினும், பெயரற்ற ஒரு பாட்டின் முன் வாயடைத்து நின்றோம். அவ்வளவு காலமும் நாம் மதிப்பிட்டு வந்தது பாட்டையா, பெயரையா? இது இலக்கியத்தைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், உண்மையில் நடுவுநிலைமையைப் பற்றிய வினா. ஆகவே, சற்று விரிவாகவே ஆராய்வோம்.

கேம்பிரிட்ஜில் நடந்த சோதனை

நம் மகள் செய்த சோதனை அவள் கண்டுபிடித்ததன்று. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு வயதாகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனித் தேர்வுத் திட்டத்தை 1917ஆம் ஆண்டில்தான் ஏற்றுக்கொண்டது. அப்புதிய துறையில் விரிவுரையாளராய் வந்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், 1920களில் தம் மாணவர்களிடம் சில பாட்டுகளை அச்சிட்டு வழங்கினார். பாடியவர் பெயரோ காலமோ அவற்றில் இல்லை. ஒரு வாரம் வைத்திருந்து படித்து, தமக்குத் தோன்றியதை ஒளிக்காமல் எழுதித் தருமாறு கேட்டார். எத்தனை முறை படித்தனர் என்பதையும் குறிக்கச் சொன்னார். எழுதித் தந்தவர்களும் தம் பெயரை இடவில்லை. கேட்டவரும் பாடியவரும் ஒருவரையொருவர் அறியாத நிலையில், பாட்டு மட்டுமே நடுவில் நின்றது.

அவ்வாறு பெற்ற விடைகளை ஆராய்ந்து அவர் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே 'செய்முறைத் திறனாய்வு'. அந்நூலில் இடம்பெற்ற பாட்டுகள் 13. ஜான் டன், கிறிஸ்டினா ரொசெட்டி, ஹாப்கின்ஸ், ஹார்டி, டி. எச். லாரன்ஸ் போன்றோரின் பாட்டுகளும், அவ்வளவு புகழ் பெறாதவர்களின் பாட்டுகளும் அவற்றுள் கலந்திருந்தன. விடைகள் பலரைத் திகைக்கச் செய்தன. பெரும்புலவர்களின் பாட்டைப் பலர் பழித்திருந்தனர். எளிய பாட்டைப் பலர் வானளாவப் புகழ்ந்திருந்தனர். பாட்டு நேரடியாகச் சொல்லும் பொருளையே சிலர் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் நாட்டின் தலைசிறந்த கல்விக்கூடத்தில் இலக்கியத்தையே பாடமாக எடுத்துப் பயின்றவர்கள்.

அவர்களை இகழ்வது ரிச்சர்ட்ஸின் நோக்கமன்று. எவ்விடத்தில் வழி தவறுகிறோம் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஒரு கூற்றில் பொருள், உணர்ச்சி, கேட்பவரை நோக்கிய பாங்கு, சொல்பவரின் உள்நோக்கம் என நான்கு கூறுகள் உள்ளன என்றார். படிப்பவர் இடறி விழும் இடங்கள் பத்து என வகுத்தார். பாட்டுக்குத் தொடர்பில்லாத தம் சொந்த நினைவைப் பாட்டின்மேல் ஏற்றுவது ஓர் இடறல். தாய் என்றால் கண்ணீர், நிலவு என்றால் காதல் என்று முன்னரே மனத்தில் அடுக்கி வைத்திருக்கும் உணர்ச்சியை எடுத்து நீட்டிவிடுவது மற்றோர் இடறல். பாட்டில் உள்ள கொள்கை தம் கொள்கையாயின் புகழ்வதும், அன்றாயின் இகழ்வதும் வேறோர் இடறல். இவற்றையெல்லாம் மறைத்து வைத்திருந்த திரை எது? பெயர்தான். பெயர் தெரிந்தபோது, படிக்காமலேயே படித்தவர்போல் இருக்க முடிந்தது. திரையை விலக்கியவுடன் ஒவ்வொருவரும் தம் மனத்தின் ஏழ்மையைத் தாமே காண நேர்ந்தது.

இம்முறை கடல் கடந்தும் பரவியது. ரிச்சர்ட்ஸின் மாணவர் வில்லியம் எம்ப்சன் 1930இல், தம் 24ஆம் வயதில், சொற்களின் பல்பொருள் தன்மையை ஏழு வகையாகப் பகுத்து நூல் எழுதினார். அமெரிக்காவில் விம்சாட், பியர்ட்ஸ்லி இருவரும் 1946இல், பாடியவரின் எண்ணத்தை அளவுகோலாகக் கொண்டு பாட்டை அளப்பது பிழை என்று வாதிட்டனர். தமிழிலும் இதன் தொடர்பு உண்டு. 1959இல் சென்னையில் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ், புகழுரைக்கும் பொழிப்புரைக்கும் மாற்றாக, வரிவரியாய் ஆராயும் அலசல் விமரிசனத்தை வளர்த்தது.

பச்சைத் தாளின் வழக்கம்

நாம் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றுகிறோம். அங்கு நிலைமை இதற்கு நேர்மாறு. கையொப்பம் இல்லாத குறிப்பு கோப்பில் ஏறாது. முன்பு பச்சைத் தாளில் எழுதி, அடியில் சுருக்கொப்பமும் நாளும் இட்டு மேலே அனுப்புவோம். இப்பொழுது பெரும்பாலும் எல்லாம் கணினிக்குப் போய்விட்டன; ஆயினும் குறிப்பின் கீழே பெயரும் பதவியும் நாளும் நேரமும் தாமே பதிந்துவிடுகின்றன.

கோப்பைப் படிப்பவர் எவரும் முதலில் குறிப்பைப் படிப்பதில்லை. அடியில் உள்ள பெயரைப் படிக்கிறார். எழுத்தர் எழுதினால் 'விதியைச் சரிபார்க்கவும்' என்று திரும்பி வரும் கருத்து, மேலிடத்தார் எழுத்தில் வந்தால் 'நல்ல யோசனை' ஆகிவிடும். இது எந்த ஓர் அலுவலகத்தின் குற்றமுமன்று. மனிதர் கூடிப் பணிபுரியும் இடமெங்கும் காண்பது. நாமும் அப்படியே செய்கிறோம். நமக்குக் கீழுள்ளவர் எழுதியதை ஐயத்தோடும், மேலுள்ளவர் எழுதியதை வணக்கத்தோடும் படிக்கிறோம்.

இவ்வழக்கத்தை இலக்கியத்திற்குக் கொண்டுசென்றால் என்ன நேரும் என்பதற்கு ஆங்கில இலக்கிய வரலாறே சான்று தரும். 1836 டிசம்பரில் சார்லட் பிராண்டி என்னும் இளம்பெண், அரசவைக் கவிஞரான சதேக்குத் தம் பாட்டுகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருத்தலும் கூடாது என்று 1837இல் அறிவுரை வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1846இல், அவரும் தங்கையர் இருவரும் சேர்ந்து பாட்டுத் தொகுதி ஒன்றை வெளியிட்டபோது கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று ஆணா பெண்ணா எனத் தெரியாத பெயர்களைச் சூடிக்கொண்டனர். பெண்ணெழுத்தை உலகம் ஒருதலைச் சார்போடு நோக்கும் என்று அஞ்சியே அவ்வாறு செய்ததாகச் சார்லட் பின்னர் எழுதினார். அடுத்த ஆண்டு 'ஜேன் ஐர்' நாவல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. எழுதியவர் ஆணா பெண்ணா என்ற ஆராய்ச்சியும் உடனே எழுந்தது. 1848 டிசம்பரில் புகழ்பெற்ற இதழ் ஒன்றின் மதிப்புரை, இதை எழுதியவர் பெண்ணாயின் அவர் நற்பெண்டிரின் உறவை நெடுங்காலத்திற்கு முன்பே இழந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டது. அம்மதிப்புரையை எழுதியவரும் ஒரு பெண்மணியே. அவர் பெயரும் இதழில் அச்சாகவில்லை. நாவலின் சொல் ஒன்றும் மாறவில்லை. பெயரைப் பற்றிய ஊகம் மாற மாற, மதிப்பு மாறியது.

நம் கையொப்பம்

பிறரைச் சுட்டிய விரலை நம் பக்கம் திருப்பாமல் இக்கட்டுரையைத் தொடர்வது முறையன்று. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகர் ஒன்றில் நாம் பணியாற்றியபோது, அங்கிருந்த தமிழர் அமைப்பு ஒன்று பொங்கல் விழாவிற்குக் கவிதைப் போட்டி நடத்தியது. நடுவர் மூவருள் நாமும் ஒருவர். போட்டி நேர்மையாக நடைபெற வேண்டுமென்று, பாட்டுகளில் எண்ணை மட்டும் இட்டு, பெயர்களைத் தனி உறையில் வைத்து ஒட்டியிருந்தனர். ரிச்சர்ட்ஸைப் பற்றி அங்கு ஒருவருக்கும் நினைவில்லை. எனினும் அவர் முறையே அங்கு நின்றது.

ஒரு பாட்டு எங்கள் மூவரையும் ஒருசேரக் கவர்ந்தது. வேற்றூரில் பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவும் ஒரு பெண், நாளும் கிழமையும் மறந்து உழைக்கிறாள். ஒருநாள் தேய்க்கும் பாத்திரத்தின் அடியில் தீய்ந்து ஒட்டியிருந்த பொங்கலைக் கண்டே, இன்று தன் ஊரில் பொங்கல் என்று அறிகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அழுகை இல்லை, அறிவுரை இல்லை. "பழுத்த கை" என்றார் ஒரு நடுவர். இரண்டோர் இடங்களில் ரகரமும் றகரமும் மாறியிருந்தன. "பேசுபவள் மொழியிலேயே எழுதியிருக்கிறார், அதுதான் நுட்பம்" என்று நாமே சொன்னோம். மூவரும் முதலிடம் அளித்தோம்.

உறையைப் பிரித்தார்கள். எங்கள் குடியிருப்பில் நான்கைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து வந்த ஓர் அம்மையாரின் பெயர் அதில் இருந்தது. சற்று நேரம் அறையில் பேச்சில்லை. பிறகு ஒருவர், "அந்த அம்மா எழுதியிருக்க முடியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார். மற்றவர், "எழுத்துப்பிழையும் இருக்கிறதே, முதற்பரிசுப் பாட்டை மலரில் அச்சிட வேண்டுமல்லவா?" என்றார். ஒரு நாழிகைக்கு முன் நுட்பமாயிருந்தது இப்பொழுது பிழையாயிற்று. ஒரு நாழிகைக்கு முன் கற்பனையாயிருந்தது இப்பொழுது களவாயிற்று. பாட்டு மட்டும் அதே தாளில் அப்படியே இருந்தது.

நாம் மறுத்துப் பேசியிருக்கலாம்; பேசவில்லை. முதற்பரிசு ஊரறிந்த பெரியவர் ஒருவருக்குச் சென்றது. அந்த அம்மையாருக்கு ஆறுதல் பரிசு என்று முடிவாயிற்று. முடிவுத்தாளில் மூவரும் ஒப்பமிட்டோம். விழா மேடையில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைப் பரிசாக வழங்கினார்கள். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அதன்பின் நாம் அங்கிருந்த ஆண்டுகளில், எந்தப் போட்டிக்கும் அவர் எழுதியதில்லை.

பெயர் மூடியிருந்தவரை நாம் நேர்மையானவராய் இருந்தோம். பெயர் திறந்ததும் நம் நேர்மை மூடிக்கொண்டது. ரிச்சர்ட்ஸின் நூலை அன்று நாம் கருத்தூன்றிப் படித்திருந்தால் இது நிகழ்ந்திராது என்று சொல்லத் துணியவில்லை. கற்றது தேர்வுக்கு உதவியது, அவ்வறையில் உதவவில்லை.

பெயரை மூடினால் போதுமா?

அவ்வாறாயின், எப்பொழுதும் பெயரை மூடியே வைத்துவிடலாம் என்று தோன்றும். மேலைநாட்டுச் சிந்தனையாளர் சிலர் அவ்வழியில் நெடுந்தொலைவு சென்றனர். பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் எழுதிய 'ஆசிரியரின் மரணம்' என்னும் சிறு கட்டுரை 1967இல் ஆங்கிலத்திலும், மறு ஆண்டு பிரெஞ்சிலும் வெளிவந்தது. எழுத்தில் உள்ள சொற்கள் ஆயிரம் இடங்களிலிருந்து வந்தவை. அவை வந்து கூடும் இடம் படிப்பவர் உள்ளமே. எழுதியவரைத் தேடிப் போய் இறுதிப் பொருளைக் கேட்பது நூலை அடைத்துப் பூட்டுவதாகும் என்பது அவர் கருத்து. இத்தகைய சிந்தனைகள் தமிழுக்கும் வந்தன. பெங்களூரில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த தமிழவன் 1982இல் வெளியிட்ட 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூல் அவ்வருகையின் முதன்மையான படி. வெளிமாநிலத்தில் வாழ்ந்த தமிழர் ஒருவரால் அது நிகழ்ந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆயினும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. பாத்திரம் கழுவும் பெண்ணைப் பற்றிய அப்பாட்டைப் பெயர் மூடிப் படித்தபோது, அதை அழகிய கற்பனை என்று மட்டுமே கண்டோம். அது ஒருவர் கையில் நாள்தோறும் கரைந்த வாழ்வு என்பது பெயர் திறந்த பின்னரே தெரிந்தது. நாம் நேர்மையோடு இருந்திருந்தால், அவ்வறிவு பாட்டின் மதிப்பை நம் நெஞ்சில் உயர்த்தியிருக்க வேண்டும். ஆகவே பெயர் தெரிவது தீங்கன்று. மதிப்பிட்ட பின் தெரியும் பெயர் பொருளைக் கூட்டலாம். மதிப்பிடும் முன் தெரியும் பெயரோ, பெரும்பாலும் தராசின் ஒரு தட்டை விரலால் அழுத்துகிறது.

மற்றொரு பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோ 1969இல் ஆற்றிய உரையில் கூறிய கருத்து நம்மைப் போன்ற எழுத்தருக்கு எளிதில் விளங்கும். நூலுக்கு ஆசிரியர் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது? நூலைத் தம் உடைமை என்று கொண்டாடும் உரிமை பிற்காலத்தில் வந்தது. அதற்கும் முன்பே, விலக்கப்பட்ட எழுத்திற்காகத் தண்டிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். அவ்வாறுதான் எழுத்துக்கு உரியவர் ஒருவர் ஏற்பட்டார் என்கிறார் ஃபூக்கோ. கோப்பில் கையொப்பம் கேட்பதும் புகழுக்காக அன்று. நாளை தணிக்கை வந்து, இதை எழுதியவர் யார் என்று வினவினால், 'நான்' என்று ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். அதற்காகவே கையொப்பம். பெயர் எழுத்தின் தரத்தைக் காட்டுவதன்று. எழுத்தின் பொறுப்பை ஏற்பது.

இவ்விரண்டையும் நாம் மாற்றிப் பயன்படுத்துகிறோம். தரத்தை அளக்க வேண்டிய இடத்தில் பெயரைத் திறக்கிறோம். பொறுப்பைக் கேட்க வேண்டிய இடத்தில் பெயரை மூடுகிறோம். குழப்பம் முழுமைக்கும் வேர் இதுதான்.

ஒரு பேராசிரியரின் கதை

பொறுப்பைக் கேட்க வேண்டிய இடம் எது என்பதற்கு மேலைநாட்டுத் திறனாய்வு உலகிலேயே ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. பெல்ஜியத்தில் 1919இல் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறி, யேல் பல்கலைக்கழகத்தில் பெரும்புகழ் பெற்ற பேராசிரியராய் விளங்கியவர் பால் டி மான். நூலின் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து நோக்கி, அது சொல்வதாகக் காட்டுவதும் உண்மையில் செய்வதும் எங்கே முரண்படுகின்றன என்று காட்டுவதில் அவர் வல்லவர். 1983இல் அவர் மறைந்தபோது அவர் மாணவர்கள் ஓர் ஆசானை இழந்தோம் என்று வருந்தினர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1987இல், பெல்ஜிய ஆய்வு மாணவர் ஒருவர் பழைய நாளிதழ்களில் அவர் எழுதிய கட்டுரைகளைக் கண்டெடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, அவர்கள் கட்டுப்பாட்டில் நடந்த 'லே சுவார்' நாளிதழில் அவர் 1940 முதல் 1942 வரை எழுதியவை அவை. 1941 மார்ச் 4ஆம் நாள் வெளிவந்த கட்டுரை, யூதர்களை ஐரோப்பாவுக்கு வெளியே தனியிடத்தில் குடியேற்றினாலும் மேலை இலக்கியத்திற்குப் பெரிய இழப்பு நேராது என்ற கருத்தைச் சொன்னது. அப்பொழுது அவருக்கு வயது 21. அவ்விளமைக்கால எழுத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியதில்லை.

எதிரிகள், அவர் கோட்பாடு முழுவதுமே பழைய குற்றத்தை மறைக்கச் செய்த சூழ்ச்சி என்றனர். யூதக் குடும்பத்தில் பிறந்தவரும், யூதர் என்பதற்காகச் சிறுவயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவருமான டெரிடா, நண்பர் டி மானுக்காக 1988இல் நீண்ட கட்டுரை எழுதினார். அக்கட்டுரையின் கொடுமையை மறுக்காமலே, அதைக் கொண்டு ஒருவர் வாழ்நாள் எழுத்து முழுவதையும் தீர்த்துவிடலாகாது என்று வாதிட்டார்.

இவ்வழக்கில் நம் தீர்ப்பு என்ன? நாம் நீதிபதியல்லோம், ஆயினும் மேலே கண்ட வேறுபாட்டைக் கொண்டு வழி தேடலாம். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சரியா தவறா என்பதை, பெயரை மூடி, வாதத்தின் வலிமையைக் கொண்டே காண வேண்டும். குற்றமுடையவர் வாயில் பிறந்ததாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது. யார் சொன்னாலும் சொல்லின் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவென்று வள்ளுவர் நமக்குக் கற்பித்துள்ளார். ஆனால் 1941ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பொறுத்தவரை, பெயரைத் திறந்தே ஆக வேண்டும். மொழி தானே பேசுகிறது, ஆசிரியர் என்று ஒருவர் இல்லை என்றெல்லாம் அவ்விடத்தில் சொன்னால், அது கோட்பாடு ஆகாது, தப்பியோட்டம் ஆகும். அவ்வெழுத்தால் புண்பட்ட மக்கள் பெயரற்றவர் அல்லர். அவர்களுள் எண்ணற்றோர் வண்டிகளில் ஏற்றப்பட்டு மடிந்தனர். இதை எழுதியது யார் என்று அவர்கள் கேட்டால், ஒரு பெயர் விடை சொல்ல வேண்டும்.

இல்லத்தில் ஒரு முறை

நம் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் இக்கோட்பாடுகளைப் பயில்கிறார்கள். வேலை கிடைக்குமா, பயன் உண்டா என்று பெற்றோராகிய நாம் கவலைப்படுகிறோம். கவலை இயல்பே. ஆயினும் அக்கல்வியின் பயன் புதிய சொற்களை உதிர்ப்பதில் இல்லை. ஒன்றைப் புகழவோ இகழவோ வாயெடுக்கும் முன், 'நாம் எதைப் பார்த்து இதைச் சொல்கிறோம்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கமே அதன் பயன். அப்பழக்கம் பாட்டைப் படிக்கும்போது மட்டுமன்றி, வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசும்போதும், ஊரும் சாதியும் தொழிலும் பெயரிலேயே தெரிந்துவிடும் நம் நாட்டில் ஒருவரோடு உறவு கொள்ளும்போதும் தேவைப்படுகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது மேலும் நன்றாக விளங்க வேண்டும். பெயரையும் முகத்தையும் கண்ட அளவில் 'மதராசி' என்று ஒரு சொல்லில் நம்மை அளந்துவிட்ட நாட்களை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வளவுகோலால் புண்பட்ட நாமே, நம்மவருள் எளியவரை அதே கோலால் அளக்கலாமா?

முறை எளியது. முதலில் பெயரை மூடிப் படிப்போம். நமக்குத் தோன்றியதைத் தாளில் எழுதி வைப்போம். பிறகு பெயரைத் திறப்போம். திறந்தபின் கிடைக்கும் அறிவு நம் விளக்கத்தைக் கூட்டலாம். எழுதி வைத்த மதிப்பை மட்டும் குறைக்கக்கூடாது. குறைக்கத் தோன்றினால், அது பாட்டின் குறையா, நம் குறையா என்று நின்று பார்க்க வேண்டும். இறுதியில், நம் தீர்ப்பின் அடியில் நம் பெயரை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

அன்றிரவு நம் மகள் காட்டிய பாட்டு ஹாப்கின்ஸ் எழுதியது. அவர் 1889இல் மறைந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் 1918இல்தான் அவர் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். தம் வாழ்நாளில் பெயரால் ஒரு நன்மையும் பெறாத புலவர் அவர். அவள் அதைச் சொன்னபின், நாம் அவளிடம் அந்தப் பொங்கல் போட்டிக் கதையை முதன்முறையாகச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு வினாவைக் கேட்டாள்.

"அந்த அம்மாவின் பெயர் என்ன அப்பா?"

நமக்கு நினைவு வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. பாட்டு நினைவிருக்கிறது; பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பொங்கல் நினைவிருக்கிறது; மேடையில் கும்பிட்ட கைகள் நினைவிருக்கின்றன. எந்தப் பெயரைக் கண்டு அவரைத் தாழ்த்தினோமோ, அந்தப் பெயரையே மறந்துவிட்டோம்.

குறுந்தொகையில் பெயர் அறியப்படாத புலவர்கள் சிலர் உண்டு. செம்புலப்பெயனீரார் என்பது போல, அவரவர் பாட்டின் சொல்லையே அவரவர்க்குப் பெயராகச் சூட்டி நம் முன்னோர் சிறப்பித்தனர். பெயர் பாட்டுக்கு மதிப்பைத் தரவில்லை. பாட்டே பெயரைத் தந்தது. ஆனால் நம் முன்னோர் கையில் அப்பெயர்கள் கிடைக்கவில்லை. நம் கையில் உறையிலிட்டுக் கொடுத்தார்கள், நாம் இழந்தோம். ஆகவே அவர்களைப் போல் ஒரு புனைபெயரைச் சூட்டிவிட்டு நாம் ஆறுதல் அடைய இயலாது. அந்த முடிவுத்தாள் எங்கேனும் ஓர் இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்குமாயின், அதில் உள்ள மூன்று கையொப்பங்களுள் ஒன்று நம்முடையது என்பதை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்கிறோம்.

இக்கட்டுரைக்கும் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். அன்பர்கள் அதை விரலால் மூடிக்கொண்டு படிப்பார்களாக. கருத்தில் நிறை காணின், அது கருத்துக்கே உரியது. குறை காணின், விரலை எடுத்துப் பெயரைப் பார்த்து, எம்மைக் கேட்பார்களாக.